மிச்சம்

எடைச்சீட்டில் மூன்று வரிகள்தான்:
லோரியோடு,
லோரி மட்டும்,
மிச்சம்.
பதினோரு வருசமாய் அந்த மூன்றாவது வரியை
எழுதிச் சம்பளம் வாங்குகிறேன்.
செம்பனைக் குலைக்குப் பொய் தெரியாது.
ஓட்டுநர்களுக்குத் தெரியும்.

கைப்பேசி வாங்கியது பகாவ் கடையில்.
மாதம் எழுபத்தொன்பது வெள்ளி,
இருபத்துநான்கு மாதம்.
சம்பளத்தை முந்திக்கொண்டு வரும் அந்த பில்லை
ஒருமுறைகூட நான் காக்க வைத்ததில்லை.
கடைசி ரசீது அரிசி டின்னுக்குள் இருக்கிறது.

எங்கள் டிவிஷனில் அந்தக் கம்பெனிக்கு
தண்ணி டாங்கி பக்கத்தில் மட்டும் ஒரு கோடு.
மணிவாசகத்தின் தோளில் மட்டை சரிந்த மத்தியானம்
டாங்கி வரைக்கும் ஓடித்தான்
ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன்.
செருப்பு எங்கே கழன்றதென்று இன்றுவரை தெரியாது.

பிறகு கோயிலுக்குப் பின்னால்
வேறொரு கம்பெனி கோபுரம் எழுப்பியது,
அம்மன் கோபுரத்தைவிட உயரமாய்.
பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு
அவர்கள் சிம் வாங்கிப் போட்டேன்.
என் காசில் வாங்கிய கைப்பேசி
என்னிடமே சொன்னது:
இந்த சிம் செல்லாது.

பக்கத்து லயத்து ரஃபிக்குல் வைத்திருப்பது
நூற்றெண்பது வெள்ளிப் போன்.
திரையில் விரிசல். இரண்டு சிம் போடலாம்.
டாக்காவுக்கு ஒன்று, தவுக்கேவுக்கு ஒன்று.

ஆ செங் சொன்னான்,
"நூத்தம்பது குடு அக்கா, நான் திறக்கிறேன்."
கட்டி முடித்த வீட்டுக்கு
சாவி வாடகையா?
கம்பெனிக்கு அடித்தேன்.
நாற்பது நிமிடம் வயலின் வாசித்துவிட்டு
ஒரு பெண் வந்து
"பாலிசி" என்றாள்.
அதற்குத் தமிழில் என்ன, மலாயில் என்ன
என்று கேட்டேன். மறுபடி வயலின்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு
மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி.
வக்கீல் கூடாதாம், இரண்டு பக்கமும்.
அது பிடித்திருந்தது.
எதிர்த்தரப்பு என்ற கட்டத்தில்
சாலையெல்லாம் பலகையில் சிரிக்கும் அந்தப் பெயரை
எழுதும்போது கை கொஞ்சம் கூசியது.
சென்டிரியான் பெர்ஹாட் வரைக்கும் விடாமல் எழுதினேன்.

ஆறு மணி பஸ். கோலப்பிலா தாண்டி
உலு பெண்டோல் வளைவுகளில்
முன் சீட்டுக் குழந்தை வாந்தியெடுத்தது.
சிரம்பானில், விசாரணை அறைக்கு வெளியே,
ஹிஷாம் என்ற இளைஞர் எழுந்து நின்றார்.
மரியாதையானவர். கையில் கடிதம்.
கடிதத்தில் பதினாறு இலக்கம், திறப்பதற்கு.
அதற்கு மேலே ஒரு வரி:
நல்லெண்ண அடிப்படையில் வழங்கப்படுகிறது.

இரண்டு முறை படித்தேன்.
அவர் பேனாவையே கேட்டு வாங்கி
அந்த வரியை அடித்தேன்.
முழுத்தொகையும் செலுத்தப்பட்டதால் என்று
மேலே எழுதினேன், எனக்குத் தெரிந்த மலாயில்.
எழுத்துப்பிழை இருந்திருக்கும்.

மேலிடத்தைக் கேட்கவேண்டும் என்றார்.
கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு
இந்த மூலைக்குப் போனார், அந்த மூலைக்குப் போனார்,
கடைசியில் ஜன்னலோரம்.
கம்பெனிக்காரருக்கே அங்கேதான்
கோடு வந்தது.
நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

இருபது நிமிடத்தில் புதுக் கடிதம், என் வரியோடு.
என் பிழையைத் திருத்தியிருந்தார்கள்.
பதினாறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
சத்தமில்லாமல் திறந்தது.

இப்போது எடைமேடையிலேயே நாலு கோடு.
பஸ் கூலி, ஒருநாள் சம்பளம்
எந்தக் கடிதத்திலும் வரவில்லை.
அதற்கு இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்,
இரண்டு லோரிக்கு நடுவில், சீட்டின் முதுகில்.

ஹாரன்.
வெற்று லோரி மேடையேறி நிற்கிறது,
ஓட்டுநர் சீட்டை விட்டு அசையவில்லை.
"இறங்குங்கண்ணே," என்கிறேன்,
"உங்க எடையை
யார் கணக்கில் எழுத?"